பரணில் கிடக்கும் கணினியில் வீட்டு சர்வர்: வாசகர் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் என் வீட்டு அலமாரித் தட்டில் ஒரு பழைய மடிக்கணினி ஆறு வருடமாக வெப் சர்வராக, அதாவது இணையப் பக்கங்களைக் கேட்டவர்களுக்கு அனுப்பும் கணினியாக, ஓடுகிறது என்று சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். என் மாமியார் நோட்டுகளில் எழுதிவைத்துவிட்டுப் போன தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு என்று 212 பாடல்கள் அதில் இருக்கின்றன. இதற்கு வந்த அளவுக்கு வேறு எதற்கும் எனக்குக் கடிதம் வந்ததில்லை. ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. நான் கணினி படித்தவன் அல்ல. முப்பத்திரண்டு வருடம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளில் ஜூனியர் இன்ஜினியராக இருந்தவன். ஒரு மெஷின் ராத்திரி பகலாக நிற்காமல் ஓட என்ன வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினி பரணில் கிடக்கிறது. ஸ்கிரீனில் கோடு விழுந்திருக்கிறது. கீபோர்டில் நாலைந்து எழுத்து வேலை செய்யவில்லை. அம்மாவின் சமையல் குறிப்புகளை எல்லோரும் பார்க்கும்படி ஏற்றி வைக்க இது போதுமா, ஐயா? (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி)

தாராளமாகப் போதும் அம்மா. 1990 கடைசியில் ஜெனீவா பக்கத்து செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ ஓட்டிய உலகத்தின் முதல் வெப் சர்வருடைய பிராசசர் வேகம் வெறும் 25 மெகாஹெர்ட்ஸ். உங்கள் பரணில் இருப்பது அதைப்போல் பல மடங்கு வேகம். அவர் அந்தப் பெட்டியின் மேல் சிவப்பு மையில், ‘இந்த மெஷின் ஒரு சர்வர், அணைத்துவிடாதீர்கள்’ என்று எழுதி ஒட்டியிருந்தார். நானும் என் வீட்டு ஸ்விட்ச் போர்டில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். எக்ஸ்சேஞ்சில் முக்கியமான ஸ்விட்ச் ஒவ்வொன்றுக்கும் சீட்டு கட்டித் தொங்கவிடுவோம், அந்தப் பழக்கம். வீடு கூட்ட வருகிறவரோ, ஊரிலிருந்து வந்த பேரனோ போன் சார்ஜ் போடுவதற்காகப் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் சர்வர் போச்சு. முதலில் அந்தச் சீட்டை எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஸ்கிரீன் கோடும் கீபோர்டும் உங்களுக்குத் தடையே இல்லை. சர்வரின் முகத்தை நாம் வருடத்துக்கு இரண்டு முறை பார்த்தால் அதிகம். லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) ஏற்றும் அன்றைக்கு மட்டும் யாரிடமாவது ஒரு யுஎஸ்பி கீபோர்டு கடன் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு வேறு கணினியிலிருந்தே எஸ்எஸ்எச் என்ற தொலைவு இணைப்பு வழியாக உள்ளே போய் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளலாம்.

2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பாஸ் என்பது டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து நம் நாட்டில் செய்தது. மகள் அன்றைக்கு அதைத் திறந்து பார்த்திருந்தால் இன்றைக்கு உங்களுக்கு அவரே துணை. எப்படியானாலும் இப்போது அதெல்லாம் பழசாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு டெபியனைப் புதிதாக ஏற்றுங்கள். அதற்கு முன் மகளின் படங்களும் பாடக் குறிப்புகளும் உள்ளே இருக்கிறதா என்று அவரையே உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் அவசரம் வேண்டாம்.

ஏற்றும்போது ‘டெஸ்க்டாப் வேண்டுமா’ என்று கேட்கும் இடத்தில் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்எச் சர்வருக்கான டிக் மட்டும் இருக்கட்டும். டெஸ்க்டாப் இல்லாத டெபியன் இரண்டு ஜிபி ராமில் காலாட்டிக்கொண்டு ஓடும். அதன் மேல் என்ஜின்எக்ஸ் போடுங்கள். பக்கங்களைக் கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை அதனுடையது.

ஒன்றை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பிராசசர் 64 பிட் வகையா என்பது முக்கியம். 2008, 2009 வாக்கில் வந்த கையடக்கமான நெட்புக்குகளில் இருந்த இன்டெல் ஆட்டம் என்270 போன்றவை 32 பிட். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அந்த வகைக்கு இன்ஸ்டாலரே தருவதில்லை. அதற்கு முந்தைய 12ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டார்கள். உங்களுடையது அந்த நெட்புக்குகளுக்குப் பின் வந்ததால் 64 பிட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மூடியை மூடினால் மடிக்கணினி தூங்கிவிடும். தூங்கினால் சர்வரும் தூங்கும். ‘லாகின்டி’ என்ற அமைப்புக் கோப்பில் ‘ஹேண்டில் லிட் ஸ்விட்ச்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதில் ‘இக்னோர்’ என்று மாற்றிவிட்டால் மூடினாலும் விழித்திருக்கும். இந்த ஒரு வரி தெரியாமல் நான் மூன்று வாரம் மூடியைத் திறந்தே வைத்திருந்தேன்.

அம்மாவின் குறிப்புகளை வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாகச் செய்யுங்கள். டேட்டாபேஸ், வேர்ட்பிரஸ் மாதிரி தளம் நடத்தும் மென்பொருள் எதுவும் வேண்டாம். யூனிகோடு முறையில் ஒரு தமிழ் எழுத்துக் குறி மூன்று பைட் பிடிக்கும். ‘கொ’ என்று எழுதினால் க ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒன்று, ஆக ஆறு பைட். ஆங்கிலத்தைவிட மூன்று மடங்கு எடை என்று பயப்பட வேண்டாம். என்ஜின்எக்ஸில் ஜிஜிப் சுருக்கத்தைப் போட்டுவிட்டால் வெகுவாகக் குறைந்துவிடும். என் தளத்தில் நீளமான ஒப்பாரி ஒன்று 140 வரி. சுருக்கிய பிறகு ஒரு சின்ன போட்டோவின் எடைகூட அதற்கு இல்லை. படங்கள்தான் பாரம். போனில் எடுத்த படம் நாலு எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்துப் போடுங்கள், பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும்.

கேள்வி: நான் கணக்கு எழுதும் ஜவுளிக் கடையில் கழித்துப் போட்ட பெண்டியம் 4 டெஸ்க்டாப்பைச் சும்மா கொடுத்தார்கள். 24 மணி நேரமும் ஓடினால் கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? (கரூர் வாசகர்)

சும்மா கிடைத்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் விலையை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை நீங்கள் கட்டப் போகிறீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளானாலும் அது இழுக்கும் வாட்டை 1.44ஆல் பெருக்குங்கள். 60 நாள் இடைவிடாமல் ஓடினால் ஆகும் யூனிட் வந்துவிடும். என் பக்கத்து வீட்டுக்காரரின் பெண்டியம் 4 பெட்டியை வாட் மீட்டரில் மாட்டிப் பார்த்தேன். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 95 வாட். 137 யூனிட் ஆகிறது. நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டையும் இந்த ஒரு பெட்டியே தின்றுவிட்டு இன்னும் கேட்கும். உங்கள் வீட்டுக் கணக்கு ஏற்கெனவே 400 யூனிட்டை ஒட்டி இருந்தால் இன்னும் ஆபத்து. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும், அப்போது மொத்தத் தொகையும் எகிறும்.

என்னுடையது 2009 மாடல் 12 அங்குல மடிக்கணினி. கோர் 2 டியோ பிராசசர், ஸ்கிரீன் அணைந்த நிலையில் 13 வாட். இரண்டு மாதத்துக்கு 19 யூனிட்டுக்குள். ராஸ்பெரி பை மாதிரி உள்ளங்கை அகலப் போர்டு என்றால் நாலு வாட் அளவில் முடிந்துவிடும், ஆறு யூனிட். ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பரணில் மடிக்கணினி இருக்கிறவர்கள் அதற்குப் போக வேண்டியதில்லை.

வாட் மீட்டர் கையில் இல்லை என்றால் வீட்டு மின் மீட்டரையே பாருங்கள். எலெக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று போட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கணினியை மட்டும் ஓடவிட்டுப் பத்து நிமிடம் எண்ணுங்கள். 32 முறை மின்னினால் 60 வாட் என்று கணக்கு. நானும் மனைவியும் திண்ணையில் உட்கார்ந்து இப்படி எண்ணியிருக்கிறோம். பிறகு வாங்கிய வாட் மீட்டரும் ஒன்றிரண்டு வாட் வித்தியாசத்தில் அதையே சொன்னது.

டெஸ்க்டாப்பைத்தான் வைத்துக்கொள்வேன் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டைக் கழற்றுங்கள். டிவிடி டிரைவ், இரண்டாவது ஹார்ட் டிஸ்க் இரண்டையும் துண்டித்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பெட்டி அப்படிச் செய்ததும் 95இலிருந்து 68க்கு இறங்கியது. அதற்குக் கீழே அது இறங்காது, அந்த பிராசசரின் சுபாவம் அப்படி. என் யோசனையைக் கேட்டால் அந்தப் பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டு ஒரு பழைய மடிக்கணினியைத் தேடுங்கள்.

கேள்வி: அங்கிள், நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. சர்வர் போட்டுவிட்டேன், வீட்டு வைஃபையில் நன்றாகத் தெரிகிறது. ரவுட்டரில் வெப் பக்கங்களுக்கான வாசல் எண்களான 80, 443 இரண்டு போர்ட்டையும் சர்வருக்கு பார்வர்ட் செய்தேன். வெளியிலிருந்து மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. ஒரு வாரமாகத் தூக்கமில்லை. (நாகர்கோவில் மாணவர்)

தம்பி, தப்பு உங்கள் பக்கம் இல்லை. முதலில் நன்றாகத் தூங்குங்கள்.

ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘வேன்’ ஐபி என்று ஒரு எண் இருக்கும், ரவுட்டரின் வெளிப்பக்க இணைய முகவரி அது. அது 100.64இலிருந்து 100.127 வரையான எண்ணில் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ உங்கள் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரி கிடையாது. உலகத்தில் ஐபிவி4 என்ற பழைய முறை முகவரிகள் தீர்ந்துபோனதால் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். சிஜிநாட் என்று பெயர்.

எங்கள் பாஷையில் சொன்னால் இன்னும் விளங்கும். பெரிய ஆபீஸ்களில் பிஏபிஎக்ஸ் போர்டு வைத்திருப்பார்கள். வெளி உலகத்துக்கு அந்த ஆபீசின் நம்பர் ஒன்றுதான். உள்ளே 46, 47 என்று மேஜைக்கு ஒரு எக்ஸ்டென்ஷன். 46இல் இருப்பவர் பூஜ்யம் சுழற்றி உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் வெளியிலிருந்து 46ஐ நேராகக் கூப்பிட வழியில்லை. ஆபரேட்டர் இணைத்தால்தான் உண்டு. உங்கள் வீடு இப்போது ஒரு எக்ஸ்டென்ஷன். நீங்கள் ரவுட்டரில் செய்த பார்வர்டிங் என்பது உங்கள் மேஜை டிராயரைத் திறந்து வைத்த மாதிரி. ஆபீஸ் வாசல் கதவு இன்னொருவர் கையில் இருக்கிறது.

வழி மூன்று உண்டு. சேவை தருகிறவர்களிடம் மாதம் கூடுதலாகப் பணம் கட்டி நிலையான ஐபி வாங்கலாம். இல்லையென்றால் ஐபிவி6 என்ற புதிய முறை முகவரி கேளுங்கள். அதில் முகவரிப் பஞ்சமே கிடையாது, வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கும். உலகத்திலேயே ஐபிவி6 அதிகம் புழங்கும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. ஆனால் ஐபிவி6 இல்லாத இடத்திலிருந்து பார்க்கிறவருக்கு உங்கள் தளம் திறக்காது.

மூன்றாவது வழி டன்னல். நான் இருப்பதும் இதில்தான். 46ஆம் எக்ஸ்டென்ஷன்காரர் தானே வெளியே ஒரு ஆபரேட்டரைக் கூப்பிட்டு, லைனை வைக்காமல் பிடித்துக்கொண்டே இருக்கிறார். அவரைத் தேடி யார் வந்தாலும் ஆபரேட்டர் அந்தத் திறந்த லைன் வழியாகவே பேசவிடுகிறார். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டன்னல் இப்படித்தான் வேலை செய்கிறது. சின்னத் தளங்களுக்கு இலவசம். ரவுட்டரில் ஒரு போர்ட்டைக்கூடத் திறக்க வேண்டாம். நடுவே இன்னொரு நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு மனக்குறைதான். பொது முகவரி கிடைக்கும் நாளில் மாறிவிடுவேன்.

டொமைன் பெயர், அதாவது தளத்துக்கான முகவரிப் பெயர், ஒன்று உங்களுக்கு வேண்டியிருக்கும். தமிழிலேயே ‘.இந்தியா’ என்று முடியும் முகவரிகளும் உண்டு, விசாரித்துப் பாருங்கள். இணைப்பு தருகிறவரின் நிபந்தனைகளில் வீட்டில் சர்வர் வைக்கத் தடை இருக்கிறதா என்பதையும் ஒரு முறை வாசித்துவிடுங்கள்.

கேள்வி: மடிக்கணினியில் பேட்டரி இருப்பதால் யுபிஎஸ் தனியாக வேண்டாம் என்கிறான் என் மகன். சரியா? (திண்டுக்கல் வாசகர்)

பாதி சரி. மீதிப் பாதியைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள்.

போன வருடத்துக்கு முந்தின சித்திரையில் நடந்தது. சர்வரில் ஏதோ பார்க்க வேண்டியிருந்ததால் மூடியைத் திறந்தேன். டச்பேடின் இடது பட்டன் அழுந்தவில்லை. தூசி என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். பிறகு பார்த்தால் கணினி மேஜையில் சமமாக உட்காரவில்லை, ஒரு மூலையைத் தொட்டால் ஆடியது. கை வைக்கும் இடத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன், ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. நடுவில் மேடு தட்டியிருந்தது. உள்ளே பேட்டரி உப்பிவிட்டது. நாலு வருடம் நூறு சதவீத சார்ஜிலேயே, அதுவும் எங்கள் ஊர்க் கோடையில் வைத்திருந்தால் லித்தியம் பேட்டரி அப்படித்தான் ஆகும். உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பின் மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பேட்டரியை எடுத்தேன். ஆமவடையைப் போலப் புடைத்திருந்தது. மணல் நிரப்பிய பழைய இரும்பு வாளியில் போட்டுக் கொல்லைப்புறத்தில் வைத்தேன். மறுநாள் மின்கழிவு வாங்குகிறவர்களிடம் ஒப்படைத்தேன்.

அழுத்தவோ குத்தவோ கூடாது. ‘இன்னும் சார்ஜ் நிற்கிறதே’ என்று திரும்ப மாட்டவும் கூடாது. ஆளில்லாத நேரத்திலும் ஓடுகிற பொருள் இது. மாதத்துக்கு ஒரு தடவை அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.

சில மாடல்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உண்டு. இருந்தால் இன்றைக்கே போடுங்கள், 60 என்றால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிட்டு வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூம் என்று தனியறை உண்டு. இரண்டு வோல்ட் செல் 24, மொத்தம் 48 வோல்ட். ஊரே இருண்டு கிடந்தாலும் டயல் டோன் வரும், அது அந்த அறையின் புண்ணியம். ஹைட்ரோமீட்டரை விட்டு ஒவ்வொரு செல்லின் அடர்த்தியையும் பார்த்து நோட்டில் எழுதுவோம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் அந்த மரியாதை தேவை. டிஸ்டில்டு வாட்டர் குறையாமல் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் 900 வாட்-ஹவர் கிடைக்கும். சர்வர் 13, ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் 12, இன்வெர்ட்டர் தனக்கே எடுத்துக்கொள்வது ஒரு 15 என்று வையுங்கள். 22 மணி நேரம் தாங்கும். கூடவே இரண்டு பழைய சீலிங் ஃபேன் சுற்றினால் ஐந்து மணி நேரம்கூட வராது.

ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். சர்வர் விழித்திருந்து இணைப்பு தூங்கினால் என்ன பலன்?

கேள்வி: வெயில், எறும்பு, பல்லி. இதற்கு ஏதாவது வழி உண்டா? (வேலூர் வாசகி)

1980களில் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் செய்த 128 போர்ட் கிராமிய எக்ஸ்சேஞ்ச் ஏ.சி. இல்லாமல் ஓடுவதற்கென்றே வடிவமைத்தது. அதை ஓட்டுக் கட்டடத்தில் வைத்து நான் பராமரித்திருக்கிறேன். காற்று போக வர வழி இருந்தால் மெஷின் வெயிலைத் தாங்கும். புத்தக அலமாரிக்குள் கதவை மூடி வைக்காதீர்கள். மடிக்கணினியைப் படுக்க வைக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள், ஃபேன் துவாரம் மேலே பார்க்கட்டும். வருடத்துக்கு ஒரு முறை ஃபேனைத் துடைத்து, பிராசசர் மேல் காய்ந்துபோன பேஸ்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவினால் சூடு நன்றாக இறங்கும்.

எறும்பு வெதுவெதுப்பைத் தேடித்தான் வருகிறது. ஸ்டாண்டின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், பலகார அலமாரிக்கு நம் ஆச்சிகள் செய்த அதே முறை. பவர் வயர் வழியாக ஏறுவதைத் தடுக்க வயரில் ஒரு இடத்தில் வேப்பெண்ணெய் தடவிய துணியைச் சுற்றுங்கள். பல்லி நுழைவது டெஸ்க்டாப்பின் பின்பக்க ஓட்டைகளில். கார்டு கழற்றிய இடத்தைத் தகட்டால் அடைத்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டுக் கணினியை இன்டர்நெட்டில் திறந்து வைப்பது திருடனுக்குச் சாவி கொடுப்பதாகாதா? எங்கள் வீட்டுப் படங்கள், பேங்க் விவரம் எல்லாம் அதே வைஃபையில் இருக்கின்றன. (கோயம்புத்தூர் வாசகி)

நியாயமான பயம் அம்மா. முதல் வருடம் நிலையான ஐபி வைத்திருந்தேன். எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்து பதிவேட்டைப் பார்த்தேன். அதற்குள் யார் யாரோ கதவைத் தட்டியிருந்தார்கள். ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, பை என்று பெயர் மாற்றி மாற்றி, ஒரு நொடிக்கு ஒன்றாக. என் தளத்தில் வேர்ட்பிரஸே கிடையாது. ஆனாலும் வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைக் கேட்டு நாள் முழுக்க ஆள் வருகிறது. ஆள் என்கிறேனே தவிர எல்லாம் புரோகிராம்கள். உங்களைத் தெரிந்து வருவதில்லை, தெருவில் வரிசையாக எல்லாக் கதவையும் ஆட்டிப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

ஆகவே பூட்டு நல்லதாக இருந்தால் போதும். எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டு முறையை நிறுத்திவிட்டு கீ முறையை, அதாவது உங்கள் கணினியில் இருக்கும் சாவிக் கோப்பால் நுழைவதை, மட்டும் வையுங்கள். வெளியிலிருந்து அந்தப் போர்ட் தெரியவே வேண்டாம், வீட்டுக்குள்ளிருந்து மட்டும் போதும். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறும்படி டெபியனில் ஒரு வசதி இருக்கிறது, அதைப் போடுங்கள். விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445ஐ ஒருநாளும் வெளியே திறக்காதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல் உலகம் முழுக்கப் பரவியது அந்த வாசல் வழியாகத்தான். ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற நிரல், கம்பெனி வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது.

பேங்க் விவரம் இருக்கும் கணினியும் சர்வரும் ஒரே பெட்டியாக இருக்கவே கூடாது. ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருந்தால் சர்வரை அதில் மாட்டுங்கள். அந்தப் பெட்டியில் ஊருக்குக் காட்டத் தகுந்ததைத் தவிர வேறெதுவும் இல்லை என்றால், உடைத்துக்கொண்டு ஒருவன் வந்தாலும் அவனுக்கு அங்கே கிடைப்பது தாலாட்டுதான்.

கேள்வி: மாதம் சில நூறு ரூபாய்க்கு வாடகை சர்வர் கிடைக்கிறது. இலவசமாகவும் தருகிறார்கள். எதற்கு இவ்வளவு பாடு? (சென்னை வாசகர்)

வியாபாரத் தளமா, ஆயிரக்கணக்கில் ஆள் வருவார்களா? வாடகைக்கே போங்கள், அதுதான் சரி. வீட்டு இணைப்பில் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது.

என் கதை வேறு. மாமியாரின் பாடல்களை முதலில் தட்டச்சு செய்தவள் என் மனைவி. இரண்டு வருடம், ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று. மூன்று நோட்டு. மூன்றாவது நோட்டில் மழைத் தண்ணீர் பட்டு மை கரைந்த இடங்களை, தானே பாடிப் பார்த்து அடியை மீட்டாள். சின்ன வயதில் கேட்டது வாயில் இருந்தது, கண்ணுக்குத் தெரியாத வரி வாய்க்கு வந்தது. அதையெல்லாம் ஒரு இலவசத் தளத்தில் ஏற்றினோம். ஒரு நாள் அந்தச் சேவையை மூடிவிட்டார்கள். முன்னறிவிப்பு நாங்கள் பார்க்காத மின்னஞ்சலுக்கு வந்திருந்தது. தளத்திலேயே நேராகத் தட்டச்சு செய்த 60 பாடல்களுக்கு நகல் இல்லை. அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். அதற்குள் அந்த மூன்றாவது நோட்டின் தாள் இன்னும் பொடிந்திருந்தது. 60இல் 11 பாடல் முழுதாகக் கிடைக்கவில்லை.

அந்த வருடம்தான் மடிக்கணினியைத் தட்டிலிருந்து இறக்கினேன். இன்றைக்கு அந்தப் பாடல்கள் இருக்கும் இடத்தை நான் கையால் தொட முடிகிறது. விளக்கு எரிகிறதா என்று போகிற போக்கில் பார்க்கிறேன். போன மாதம் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார், ‘எங்கள் ஆச்சி பாடியதில் இந்த வரி வேறு மாதிரி’ என்று. அவர் அனுப்பிய பாடத்தையும் அதே பக்கத்தில் கீழே சேர்த்தாயிற்று. இதற்கு மாதம் பத்து யூனிட் மின்சாரம் கொடுக்க எனக்குச் சம்மதம்.

கேள்வி: பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்பலாமா? (அரியலூர் வாசகர்)

கூடாது. மடிக்கணினியில் வேறு எதையும் மாற்றாவிட்டாலும் டிஸ்க்கை மாற்றுங்கள். 120 ஜிபி எஸ்எஸ்டி போதும், சத்தம் போகும், ஒரு வாட்டும் குறையும். அப்படியே மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், சிஆர்2032 என்று கேட்டால் ஸ்டேஷனரிக் கடையிலேயே கிடைக்கும். அது செத்திருந்தால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பினால் டன்னல் இணையாது, தளம் பாதுகாப்பானது என்று பிரவுசரில் பூட்டுக் குறி காட்டவைக்கும் சான்றிதழைப் புதுப்பிக்கவும் முடியாது. காரணம் தெரியாமல் நாம் வேறு எதையாவது கழற்றிக்கொண்டிருப்போம்.

எஸ்எஸ்டியும் ஒரு நாள் சொல்லாமல் போகும். என்னிடம் மொத்தத் தளமும் 38 எம்பி. அதன் நகல் இரண்டு பென் டிரைவில் இருக்கிறது. ஒன்று என் மேஜை டிராயரில். இன்னொன்று தென்காசியில் என் தங்கை வீட்டு பீரோவில், சேலைகளுக்கு நடுவே, மாமியார் படத்தோடு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுசைக் கொடுத்துவிட்டுப் பழசை வாங்கி வருகிறேன். வாங்கியதைத் தங்கை வீட்டுக் கணினியிலேயே செருகி, ஏதாவது ஒரு பாடலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவது. போன தீபாவளிக்குத் திறந்தது ஒரு நடவுப் பாட்டு. தங்கை இரண்டு வரி பாடியும் காட்டினாள்.